பல் டாக்டருக்கு ஒரு டிரம்ஸ் தாள்

நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். டிரம்ஸ் வாசிக்கும் கொழுந்தன் முதல் நாள் ஒத்திகையிலேயே, "அண்ணி, இந்த வயரை எங்க செருகணும்?" என்று கூட்டத்துக்கு நடுவில் கத்தினான். அவ்வளவுதான். விளக்குப் போடுகிறவர், திரை இழுக்கிறவர், அவள் அப்பாவைவிட மூத்த இயக்குநர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் அவளை அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வயதில் ஒரு மனிதர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு "அண்ணி, டீ சாப்பிடலாமா?" என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை. பழகிக்கொண்டாள்.

கீபோர்டு வாசிப்பதும் எல்லோருக்கும் இசைத்தாள் தயாரிப்பதும் அவள் வேலை. வயலினுக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று, டிரம்பெட்டுக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரில் நோட்டேஷன் சாஃப்ட்வேரில் எழுதி, அச்செடுத்து, தாள் பறக்காமல் கிளிப் போட்டு அவரவர் ஸ்டாண்டில் வைத்துவிடுவாள். டிரம்ஸ் ஸ்டாண்டில் மட்டும் தாள் இருக்காது. அங்கே கொழுந்தனின் கைக்குட்டை காய்ந்துகொண்டிருக்கும்.

அவனுக்கு இடி என்று பட்டப்பெயர். நாடகம் ஒரு கப்பலைப் பற்றியது. புயல், மழை, துறைமுகக் கூத்து எல்லாம் உண்டு. முழு நாடகத்தையும் இடி தலைக்குள் வைத்திருந்தான். ஒரு வரி கூட எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 'எதுக்கு அண்ணி தாளை வீணாக்கறீங்க' என்பான். அவளும் சரி, மிச்சம் என்று விட்டுவிட்டாள். அந்தத் தலையைக் கழற்றி இன்னொருவர் கழுத்தில் மாட்ட முடியாது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது எப்போது என்றால், இடியின் மனைவியை மாதப் பரிசோதனைக்கு அழைத்துப்போன அன்று. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, சொன்ன தேதிவரை குழந்தை காத்திருக்காது, எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சொன்ன தேதி, நாடகமெல்லாம் முடிந்த பிறகு வருவது. எப்போது வேண்டுமானாலும் என்றால் அது நாடக நாட்களுக்கு நட்டநடுவில்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தவறிப்போனது. அன்றைக்கு இடி மேடைக்குக் கீழே வாசித்துக்கொண்டிருந்தான். பைக்குள் கிடந்த போன் கத்திக் கத்தி ஓய்ந்துபோனது. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவனை இன்றுவரை தின்றுகொண்டிருக்கிறது. இந்த முறை அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"இந்தத் தடவை நீங்க என் பக்கத்துல இருக்கணும். வேற எதுவும் நான் கேக்கல."

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். அண்ணியும் கூடத்தான் இருந்தாள், காதால் கேட்டாள்.

இடியின் குணம் அண்ணிக்குத் தெரியும். அவனுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. தான் போனால் நாடகம் படுத்துவிடும் என்று தெரிந்தால், 'இந்த ஒரு பாட்டை மட்டும் முடிச்சிட்டு' என்று உட்கார்ந்துவிடுவான். ஒரு பாட்டு இரண்டாகும், இரண்டு இடைவேளையாகும். 'போ' என்று அவனைத் துரத்த வேண்டுமானால் அந்த ஆசனம் உண்மையிலேயே நிரம்பியிருக்க வேண்டும். பொய் சொல்லித் துரத்தலாம் என்றால், அண்ணியின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான்.

அவளுக்கு அவனிடம் ஒரு நன்றி உண்டு. அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. அவள் பிரசவத்தின்போது கப்பல் எந்தக் கடலில் இருந்ததோ. காலேஜ் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன்தான் மருத்துவமனை நடைபாதையில் பெஞ்சைவிட்டு நகராமல் இருந்தான். நர்ஸ் வந்து, "நீங்கதான் அப்பாவா?" என்று கேட்க, சட்டைப் பையில் டிரம்ஸ் குச்சியோடு எழுந்து நின்று, "இல்லீங்க, சித்தப்பா" என்றானாம், ஏதோ பெரிய பதவி மாதிரி. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

மாற்று ஆளைத் தேடினார்கள். இயக்குநர், இடியின் வாசிப்பைப் பதிவு செய்து கம்ப்யூட்டரிலேயே ஓட்டிவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னார். அண்ணி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். கதாநாயகி ஒரு நாள் பாடின மாதிரி மறுநாள் பாடமாட்டாள். ஒரு வரியை இழுப்பாள், ஒரு வரியை விழுங்குவாள். கம்ப்யூட்டர் யாருக்காகவும் காத்திருக்காது.

கடைசியில் ஆளைப் பிடித்துக் கொடுத்தது டிரம்பெட் வாசிக்கிறவர். டிரம்பெட்காரர்களுக்கு முன்பல்தான் மூலதனம். அதனால் அவர் பல் டாக்டரிடம் அடிக்கடி போவார். அந்த டாக்டர் பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தவர், இப்போதும் சனி ஞாயிறுகளில் எங்காவது வாசிக்கிறவர், தாளைப் பார்த்தால் கடகடவென்று வாசித்துவிடுவார் என்றார். டாக்டரும் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை: ஒத்திகைக்கு வர நேரம் இல்லை. எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன், தாளை மட்டும் முன்னால் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுதானே என்று அண்ணி கிளம்பினாள். எலெக்ட்ரானிக் டிரம்ஸைக் கம்ப்யூட்டரில் இணைத்து, இடியை உட்காரவைத்து, நாடகம் முழுவதையும் வாசிக்கச் சொன்னாள். அவன் தட்டத் தட்ட சாஃப்ட்வேர் தானே எழுதிக்கொண்டே போனது. முடிந்ததும் திரும்பப் போட்டுக் கேட்டாள். அசல் இடியேதான். அந்தக் கொஞ்சம் தாமதித்து விழும் அடி, இரண்டு அடிக்கு நடுவில் குச்சி நுனியால் அவன் செய்யும் சில்லறை வேலை, ஒன்றுவிடாமல் வந்திருந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியே அச்செடுத்து, கையோடு டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் மதிய இடைவேளையில் இருந்தார். அண்ணியின் வயதுப் பெண்தான். அறையில் உட்கார வேறு இடமில்லை என்று அவளை நோயாளியின் சாய்வு நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருந்தது, சிரமப்பட்டு மூடிக்கொண்டாள். டாக்டர் பெரிய விளக்கை இழுத்து, தாள்களை அதன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். சொத்தைப் பல்லைப் பார்க்கிற முகம்தான் அது, சந்தேகமில்லை.

"இதை யார் வாசிச்சுப் பார்த்தாங்க?"

"கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டேன் டாக்டர். அப்படியே அவன் வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு."

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு வலிக்காதுங்க. எனக்கு வலிக்குது."

பிறகு தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஐந்து கோட்டுக்குள் சர்க்கரை சிந்தின இடத்தில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. இடி ஒரு அடியைக் கொஞ்சம் தாமதித்து அடித்தால், அது அவன் அழகு; சாஃப்ட்வேரோ அந்தத் தாமதத்தையும் விடாமல் அளந்து, புள்ளியும் வளைவும் போட்டு எழுதி வைத்திருந்தது. கால் சும்மா இருந்த நேரத்துக்கெல்லாம் ஓய்வுக்குறி. கை அடிப்பது எது, கால் மிதிப்பது எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் எல்லாவற்றையும் குறியிலிருந்து நீளும் ஒரே குச்சிக்கோட்டில் கட்டிவிட்டிருந்தது. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வரும் இடத்தையும் ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதித் தள்ளியிருந்தது.

இதை வாசித்து முடிப்பதற்குள் கப்பல் மூழ்கிவிடும் என்றார் டாக்டர். தனக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: எங்கே ஆரம்பிக்க வேண்டும், என்ன தாளம், எவ்வளவு நேரம் போக வேண்டும், மற்றவர்கள் எங்கே சேர்ந்து அடிக்கிறார்கள், எங்கே நிறுத்த வேண்டும். மிச்சத்தைத் தன்னிடம் விட்டுவிடலாம். இப்படி எழுதினால் தாளைப் பார்ப்பதிலேயே உயிர் போய்விடும், காது யாரையும் கேட்காது.

"அப்புறம் பக்கம் திருப்புற இடம்," என்றார், கையுறையை மாட்டிக்கொண்டே. "எனக்கு ரெண்டு கைதான். ரெண்டும் வேலையில இருக்கும். வாசிக்காம சும்மா இருக்கிற இடத்துல பக்கத்தை முடிங்க."

அண்ணிக்கு மூக்கு உடைந்துதான் போனது. தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தம் வரைக்கும் மனசுக்குள் அந்த டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் புத்தி வந்தது. அந்த டாக்டர் மட்டும் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு, 'பார்த்துக்கலாம்' என்று தாளை வாங்கி வைத்திருந்தால்? நாடகத்தன்று எல்லார் முன்னாலும் பல்லிளித்திருக்கும். வயலினுக்கும் குழலுக்கும் இவ்வளவு வருஷமாக எழுதுகிறவள், டிரம்ஸுக்கு எழுதும்போது மட்டும் காதால் சரிபார்த்துவிட்டாள்; தாள் கண்ணுக்கு என்பதே மறந்துபோயிற்று. முகத்துக்கு நேரே சொன்ன அந்தப் பெண்ணுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மனசார நினைத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து முதலிலிருந்து எழுதினாள். கை அடிப்பதற்கெல்லாம் குச்சிக்கோடு மேலே, கால் மிதிப்பதற்கெல்லாம் கீழே. தேவையில்லாத ஓய்வுக்குறிகளைக் கண்ணில் படாமல் மறைத்தாள். தாளத்தை ஒரு பாரில், அதாவது ஒரு தாளச் சுற்று அடங்கும் கட்டத்தில், தெளிவாக எழுதி, அதற்குப் பிறகு 'அதேதான்' என்னும் குறியை மட்டும் போட்டு, எத்தனையாவது தடவை என்பதைத் தலைமேல் சின்ன எண்ணாக வைத்தாள். டிரம்பெட் பளீரென்று சேரும் இடங்களைப் பொடி எழுத்தில் கோட்டுக்கு மேலே காட்டினாள். பாட்டின் பகுதி மாறும் இடங்களில் பெரிய எழுத்தைக் கட்டம் கட்டிப் போட்டாள். துறைமுகக் கூத்தில் பக்கம் திருப்ப மூச்சுவிடக்கூட இடமில்லை. அதற்கு மட்டும் தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டி நீளமாக விரித்துவிட்டாள்.

அழிக்க அழிக்கத் தாள் வெளுத்துக்கொண்டே வந்தது. இடி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் சொத்தை யாரோ ஏலம் விடுவது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதையும் எடுத்துட்டீங்களா அண்ணி?"

"எடுத்துட்டேன்."

"நல்லா இருக்குமே அது."

"நல்லாதான் இருக்கும். அது உன்னுது, நீ வந்து வாசிச்சுக்கோ. டாக்டருக்கு எதுக்கு?"

அவனுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று அவனே சொன்னான்.

புயல் காட்சியில்தான் அவளுக்கு முட்டியது. கதாநாயகி பாடி முடித்து ஒரு அமைதி, பிறகு பேரிடி. அந்த அமைதியை சாஃப்ட்வேர் விடாமல் எண்ணிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பாரின் ஏதோ ஒரு மூலையில் இடியின் அடியைக் கொண்டுபோய் ஒட்டியிருந்தது. இதை யாராலும் எண்ணி வாசிக்க முடியாது. நீ எப்படி எண்ணுகிறாய் என்று அவனையே கேட்டாள்.

"எண்ணுறதே இல்ல அண்ணி. 'கரை தெரியலையே'ன்னு பாடி முடிச்சதும் அவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்புறம் தோள் இறங்கும். இறங்கின பிறகுதான் அடிப்பேன்."

இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்திருக்கிறாள், அவன் பார்ப்பது அந்தப் பெண்ணின் தோளை என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பார்கள் மொத்தத்தையும் அழித்தாள். ஒரே ஒரு வெற்றுப் பார், அதன் மேல் நீட்டிப் பிடிக்கச் சொல்லும், கண் மாதிரியான அந்தக் குறி, அதற்கும் மேல் பாட்டின் கடைசி வார்த்தைகள், கீழே ஒரு வரி: 'தோள் இறங்கும்வரை காத்திருக்கவும்'. அச்செடுத்த தாள்களை டிரம்ஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் வைத்தாள். கைக்குட்டைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

டாக்டரிடம் ஒரு பிரதி கொடுக்க நினைத்திருந்தாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்கு மதியக் காட்சி. இடி சீக்கிரமே வந்து டிரம்ஸின் தோலை இறுக்கிக்கொண்டிருந்தான். போனை இப்போதெல்லாம் பைக்குள் போடுவதில்லை, கண்ணெதிரில்தான் வைத்திருப்பான். அது அடித்தது. அவன் மாமியார். வலி வந்துவிட்டது, மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டோம். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவன் அண்ணியைப் பார்த்தான்.

அண்ணி டாக்டருக்குப் போன் போட்டாள். ஞாயிறென்றும் பாராமல் பல்வலியோடு வந்த ஒரு நோயாளி நாற்காலியில் இருக்கிறார், முடித்துவிட்டு நேரே வருகிறேன் என்றார் டாக்டர். புதுத் தாளை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அண்ணி ஸ்டாண்டில் இருந்த தாள்களை ஒரு தடவை புரட்டினாள். தன்னை டிரம்ஸ்காரியாக நினைத்துக்கொண்டு, இந்த நாடகத்தைக் கேள்வியே படாதவளாக நினைத்துக்கொண்டு புரட்டினாள். வாசிக்கலாம். பயமாக இருந்தது, ஆனால் வாசிக்கலாம் என்பது உண்மை.

"போ," என்றாள்.

"நிஜமாவா அண்ணி? முதல் பாட்டு வரைக்கும் வேணா..."

"போடா. இங்க உனக்கு வேலை இல்ல."

அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு குச்சிகளைக் கூட எடுக்காமல் ஓடினான். அவன் தலை மறைந்த பிறகு அண்ணி தாள்களை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். நல்லவேளை, அதைப் பார்க்க அவன் அங்கே இல்லை.

பார்வையாளர்கள் உட்கார்ந்து, கைபேசியை அணைக்கச் சொல்லும் அறிவிப்பும் முடிந்த பிறகு டாக்டர் வந்தார். கிளினிக் வாடை இன்னும் போகவில்லை. ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்தார், கண்ணாடியை மாட்டினார், தாள்களை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் புரட்டினார், பென்சிலை எடுத்து அங்கங்கே ஒரு வட்டம் போட்டார். எப்படி இருக்கிறது என்று அண்ணி கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். இப்படிச் சொல்பவரிடம்தான் எல்லோரும் நம்பிப் பல்லைக் காட்டுகிறார்களா என்று அண்ணிக்குத் தோன்றியது.

விளக்கு அணைந்தது. முதல் பாட்டு ஆரம்பித்தது. இடியின் சில்லறை வேலைகள் எதுவும் இல்லை. ஆனால் தாளம் தரையில் கால் ஊன்றி நின்றது. டிரம்பெட் பளீரென்று எழுந்த இடத்தில் டிரம்ஸும் கூடவே எழுந்தது. டாக்டர் தாளை ஒரு பார்வை பார்ப்பதும் மேடையை ஒரு பார்வை பார்ப்பதுமாக இருந்தார். வாசிக்காத இடத்தில் நிதானமாகப் பக்கம் திருப்பினார். அந்தச் சின்ன சரக் சத்தம் அண்ணி காதுக்குச் சங்கீதமாக இருந்தது.

துறைமுகக் கூத்தில் ஒரு பிசகு. அண்ணி 'அதேதான்' குறியை ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டிருந்தாள். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், ஊரே சும்மா இருப்பதைக் கண்டார், ஒன்றும் நடக்காத மாதிரி அதைச் சிம்பல் தட்டில் மெல்லிய உருட்டலாக்கி, அடுத்த வசனம் வரும்வரை இழுத்து அடக்கினார். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டுக்கொண்டார்.

பிறகு புயல். கதாநாயகி மேடையின் ஓரத்துக்கு வந்து பாடினாள். 'கரை தெரியலையே.' டாக்டர் தாளைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நிமிர்ந்தார். அன்றைக்கென்று அந்தப் பெண் மூச்சைப் பிடித்தவள் பிடித்தபடி நின்றாள். அரங்கில் ஒரு இருமல் கூட இல்லை. டாக்டர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். தோள் இறங்கியது. இடியானால் அந்த இடத்தில் கூரை பிய்ந்துபோகிற மாதிரி அடிப்பான். டாக்டர் காலால் பேஸ் டிரம்மை ஒரே ஒரு தடவை, ஆழமாக, மெதுவாக மிதித்தார். தூரத்தில் கடலுக்கு அடியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் மழையைக் கொண்டுவந்தார். அண்ணிக்குத் தன் விரல் கீபோர்டில் இருப்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. தான் எழுதாமல் விட்ட இடத்தில் இவ்வளவு இருந்ததா என்று நினைத்தாள். இப்படி ஒருத்தி கிடைத்தாளே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கைத்தட்டல் ஓய்ந்து, கூட்டம் வெளியேறும்போது இயக்குநர் குனிந்து எட்டிப் பார்த்தார். துறைமுகக் காட்சியில் அந்தச் சிம்பல் உருட்டல் பிரமாதம், இனிமேல் அப்படியே வைத்துக்கொள்ளலாம் அண்ணி என்றார். டாக்டரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சரி என்றார்கள்.

அண்ணி அணைத்து வைத்திருந்த போனைப் போட்டாள். போட்ட கையோடு அது அடித்தது. இடி என்று நினைத்து எடுத்தாள். பேசியது ஓரகத்தி. குரலில் தெம்பே இல்லை, ஆனால் சிரிப்பு இருந்தது.

"அக்கா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

அவன் எங்கே என்று அண்ணி கேட்டாள்.

"இங்கதான்க்கா. வந்ததுலேர்ந்து என் பக்கத்தை விட்டு நகரவே இல்ல." அந்தப் பெண் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்துத் தொடர்ந்தாள். "ஆனா வலியில நான் பிடிச்ச பிடியில அவர் விரலெல்லாம் வீங்கிப் போச்சுக்கா. நர்ஸ் ஐஸ் வெச்சுக் கட்டியிருக்காங்க. போனைக்கூட அவரால பிடிக்க முடியல. இந்த வாரம் அவர் வாசிக்க மாட்டார். அந்த டாக்டரம்மாவையே வரச் சொல்லுங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் அப்போதுதான் தாள்களை அடுக்கி, அண்ணியிடம் திருப்பிக் கொடுப்பதற்காகக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தார். கிளிப்பைக் கழற்றினார். தாள்களை மறுபடி ஸ்டாண்டில் வைத்து, அடுத்த காட்சிக்கு முதல் பக்கத்தைத் திறந்து வைத்தார்.